இருட்டில் மட்டும் பார்த்த மரம்

பெயர்ச்சீட்டு மழையில் போய்விட்டது என்றான் எவாந்த்ரோ.
காபோ ஃப்ரியோவின் இரவுச் சந்தை, ஒற்றை பல்பு,
தயிர்க் கோப்பையில் ஒரு கன்று
என் சுண்டுவிரல் உயரம்.
ஐந்து ரெயாய்ஸ்.
"ஏதோ முள்மரம். தொட்டியில் குறுக்கி வளர்க்கலாம்,
பிழைத்தால்."

உப்பு ஆலையில் மூட்டை தைப்பவள் நான்.
நாலரை மணிப் பேருந்து, இருட்டு.
இறங்கும்போதும் இருட்டு.
ஞாயிற்றுக்கிழமையில் கடலோர விடுதியின்
அடுத்தவர் படுக்கைகள்.

விளக்கைப் போட்டால்
இலைகளெல்லாம் சோடி சோடியாக ஒட்டி
தலை தொங்கி நிற்கும்.
தாகம் என்று நினைத்தேன். ஊற்றினேன்.
மறுநாளும் அப்படியே. இன்னும் ஊற்றினேன்.
மண்ணில் குட்டி ஈக்கள் கிளம்பின,
வேர் அழுகும் வாடை வந்தது.
சந்தைக்குத் தூக்கிக்கொண்டு போய்
சாகிற செடியை விற்றாயே என்று சண்டை போட்டேன்.
அதே பல்பின் கீழே உற்றுப் பார்த்தான்.
"பசி" என்றான். ஒரு பொட்டலம் உரம் விற்றான்.

ஆகஸ்டில் பேருந்து ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம்.
ஒன்பது மணிக்குக் கண் விழித்தேன்.
ஒன்பது மணி எப்படியிருக்கும் என்பதே மறந்திருந்தது.
சன்னலில் வேறொரு செடி.
யார் மாற்றி வைத்தார்கள்?
அத்தனை இலையும் விரிந்து
வெயிலை மடி நிறைய வாங்கிக்கொண்டு,
பச்சை, பச்சை, அப்படியொரு பச்சை.
தட்டை நகர்த்திவிட்டு எண்ணினேன்,
ஒரு காம்பில் பத்து, அடுத்ததில் எட்டு.
கணுவுக்கு இரண்டு முள்,
நேராக, ஊசி மாதிரி.
சாயங்காலம் ஐந்தரைக்கு
என் கண்ணெதிரே ஒவ்வொன்றாக மூடிக்கொண்டது.
நோயில்லை. தூக்கம்.
எட்டு மாதமாகத்
தூங்குகிறதை எழுப்பி
மருந்து கொடுத்திருக்கிறேன்.

நிறுத்தம் மூன்று நாள் நீடித்தது.
இரண்டாம் நாள் ஒரு கிளைத்துணுக்கை
ஈரச் செய்தித்தாளில் சுற்றி
உப்பளம் தாண்டி மணல்மேட்டுக்கு நடந்தேன்.
கள்ளிகளுக்கு நடுவே, காற்று தள்ளிய பக்கமே சாய்ந்து,
மூன்று மரங்கள்.
பட்டை உரிந்து உரிந்து
சாம்பல், வெளிர்பச்சை, எலும்பு நிறம்.
அடிமரம் மூட்டை தூக்குகிறவனின் முன்கை போல
நரம்பு நரம்பாக முறுக்கேறி.
கீழே காய்ந்த நெற்று ஒன்று,
கொடுக்காப்புளி மாதிரி சுருண்டு, ஆனால் கறுத்து, கல்.
துணுக்கை வைத்துப் பார்த்தேன்.
பத்து. எட்டு. இரண்டு முள்.

அங்கே டேப் பிடித்துக்கொண்டிருந்த கில்வான்
மனை அளக்க வந்தவன்.
"ததாரே" என்றான், தலை நிமிராமல்.
"வெட்டினால் அபராதம்.
அதனால்தான் எங்கள் வரைபடத்தில் அது இல்லை."

பெயர் தெரிந்தால் வளர்ப்பது சுலபம் என்று யார் சொன்னது?
நாலாம் வருடம் ஒரு கிளையை ஒட்ட நறுக்கினேன்.
மற்ற மரமென்றால் காயம் ஆறி மேடு கட்டும்.
இதன் காயம் கீழே இறங்கும்.
ஒரு மாதத்தில் தண்டின் பாதி விறகு.
இப்போது வெட்டினால் இரண்டு விரற்கடை மிச்சம் வைக்கிறேன்,
காய வேண்டியது அதில் காய்ந்துகொள்ளட்டும்.
ஜூலைக் காற்றுக்கு உள்ளே எடுக்கிறேன்.
தண்ணீர் விடுமுன் விரலை மண்ணில் விட்டுக் கேட்கிறேன்.
ஓட்டை போட்ட பழைய எனாமல் தட்டுதான் தொட்டி.
செத்த பாதி வெளுத்துக் கிடக்கிறது,
பார்க்க வருகிறவர்கள் அதைத்தான் அழகு என்கிறார்கள்.
நான் ஒன்றும் சொல்வதில்லை.

எவாந்த்ரோவுக்குப் பெயரைச் சொன்னேன்.
அழியாத மையில் எழுதினான்,
புளியங்கன்றுத் தட்டில் குத்தி வைத்தான்.
மணல்மேட்டில் இப்போது ஒரு மரம்தான்,
வேலிக்கு உள்ளே.

ஏழு மணிக்குக் கதவைத் திறக்கிறேன்.
விளக்கைப் போடுவதில்லை.
கையை மட்டும் கிளை வழியே அனுப்புகிறேன்,
கணு, முள், முள்,
உரியக் காத்திருக்கும் ஒரு துளிப் பட்டை.
சில நாள்
நான் தேடுவதற்குள்
அது குத்திவிடுகிறது.